வண்டி நுழையும் வாசல்

பட்டறையைக் குடியிருப்பாக ஒதுக்கும் முன் வாசலைச் சுருக்கிக் கதவு வைத்துத் தரவேண்டும் என்பது விதி. குடியேறியவர் கட்டடத்தில் கை வைக்கக் கூடாது என்பது அதற்கடுத்த விதி. நெய்வேலியில் எங்களுக்கு இரண்டாவது மட்டும் அமலானது.

சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊரில் மிஞ்சி நின்ற பழைய வண்டிப்பட்டறை அது. குவார்ட்டர்ஸ் கட்டி முடியும்வரை என்று அப்பாவுக்குக் கொடுத்தார்கள். கனத்த மண்சுவர், பனங்கை, நாட்டு ஓடு, ஒரே கூடம். உலை இருந்த மூலைதான் அடுப்படி. புகை போக அங்கே கூரையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டும் வட்டக்கல் தரை நடுவே பதிந்திருந்தது. முன்பக்கம் வண்டி நுழையும் அகலத்துக்கு வெறும் திறப்பு. வண்டி வரவில்லை, முந்திரிக்காட்டு நரி வந்தது.

பிரசவத்துக்குத் திருநெல்வேலி போயிருந்த அம்மாவிடம், தங்கைக்குப் பெயர் வைக்கப் போன அப்பா அந்த நரிக் கதையைச் சொல்லித் தொலைத்தார்.

"கதவு வைக்கட்டும், வாரேன். நரி வார வீட்ல கைப்பிள்ளையப் போட்டுட்டு எப்படித் தூங்க?" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அப்பாவோடு திரும்பினேன். அப்பா கதவு கேட்டு மனு எழுதினார். பிறகு அதை நினைவூட்டி எழுதினார். நான் வட்டக்கல்லில் அம்மாவின் பழைய புடவையை விரித்துப் படுத்தேன்.

பால் கொண்டுவரும் முத்தாண்டிக்குப்பத்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், எழுதிக்கினே இருக்கீங்க? ரெண்டு தட்டிய வெச்சிக் கட்டுங்க. பொண்ணு அம்மாவ நெனச்சி ஏங்கிப்போயிருக்குது."

"கட்டக் கூடாதும்மா. ரூல் இருக்கு."

"நரிக்குத் தெரியுமா சார் உங்க ரூலு?"

வாசலுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, வரலாம் என்று அந்த வாரமே அப்பா ஊருக்கு எழுதினார்.

தங்கையைத் தோளில் போட்டபடி அம்மா வந்து நின்றாள். "எங்க கதவு?"

அப்பா கயிற்றுக்கட்டிலை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டார். ஏறக்குறைய சுவருக்குச் சுவர் வந்தது.

"கட்டடத்துலதான் கை வைக்கக் கூடாது. கட்டில் போடலாம், அதுல நான் படுக்கலாம்."

அம்மா அவரையே பார்த்தாள். "கூறுகெட்ட மனுசன்" என்று முனகிக்கொண்டே கட்டிலோரத்து இடைவெளியில் நுழைந்து உள்ளே வந்து, வட்டக்கல்லில் என் புடவை விரிப்பின்மேல் தங்கையைக் கிடத்தினாள்.

அதன்பின் எத்தனையோ கதவுள்ள வீடுகளில் இருந்தாயிற்று. அந்த வீட்டில் தூங்கிய தூக்கம் இன்னும் வாய்க்கவில்லை. போய்ப் பார்க்கவும் வழியில்லை. வீடு நின்ற மண்ணையும் சுரங்கம் எடுத்துக்கொண்டது. அங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா பகல் முழுக்கத் தூங்குவார். அவருக்குத் தூக்கம் கொஞ்சம் அதிகம் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

கதவு வைக்க அனுமதி அளித்துப் பதில் வந்தது, நாங்கள் புது குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சிய அன்று.