சமயநல்லூர் கேட்டில் இறங்கிய அம்மா

அம்மாவோடு வாடிப்பட்டிக்குப் போகும் வழியில் சமயநல்லூர் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் போனதும் என் புது புல்லட்டின் பொத்தானை அழுத்தினேன். அதே பழைய சத்தம். மறுபடி எனக்கு ஏழு வயது.

அப்பாவின் புல்லட்டுக்குப் பொத்தானெல்லாம் கிடையாது. உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அதற்கு, பின்னால் உட்கார்ந்திருப்பவர் இறங்கியாக வேண்டும். அன்று இதே கேட்டில் அம்மா இறங்கினாள். பெட்ரோல் வாசம் அடிக்கும் டேங்க் மேல் நான். நாலாவது உதையில் வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் அப்பா அப்படியே போய்விட்டார். அம்மா கத்தியது அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்?

வாடிப்பட்டி மாமா வீடு வரும்வரை அம்மா பின்னால் இருக்கிற நினைப்பில் அப்பா பேசிக்கொண்டே வந்தார். "உங்கண்ணன அம்புட்டுப் பேர் முன்னாடி பேசுனது என் தப்புதேன்."

அம்மா பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். "சொல்ல வேண்டியதெல்லாம் வழியிலேயே சொல்லிட்டேன்" என்று அப்பா வாயை மூடிக்கொண்டார். அவர் பேசியதை நான்தான் அம்மாவிடம் ஒப்பித்தேன். சிரித்த சிரிப்பில் அவள் கோபமே போய்விட்டது.

இப்போது பின்னால் ஹாரன் அலறியது. வண்டியை நகர்த்தினேன், என்னவோ லேசாக இருந்தது. திரும்பினால், பழக்கதோஷத்தில் அம்மா இறங்கி ரோட்டோரம் நிற்கிறாள்.

"உங்கப்பன் மாதிரி போறதுன்னா போடா. சொல்ல வேண்டியத மட்டும் இப்பவே சொல்லிட்டுப் போ!"