நடுத்தட்டு முட்டைகள்

என் தங்கை வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் அடைக்கோழி. கண் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பதினோரு வருடமாக முட்டை திருப்புவதுதான் அவர் உத்தியோகம். முட்டைகளைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் அறைக்குள் அவர் நுழைந்தால், காலடிச் சத்தம்கூடச் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வரும்.

"இன்னைக்கு உங்க பிள்ளைங்க எப்படி?" என்பாள் தங்கை.

"முந்நூறும் சமர்த்து. உன் ரெண்டு மாதிரி இல்ல."

அங்கே ஆராய்ச்சி செய்பவர் ஒரு டாக்டரம்மா. முட்டைக்குள் வளரும் குஞ்சின் கண்ணுக்கு முன்னால் கார்னியா என்ற படலம் முதலில் நீர் கோத்து, பால்போல மங்கியிருக்கும். அதன் செல்களில் நுண்ணிய வாசல்கள் உண்டு. அவற்றின் வழியே உப்பின் அயனிகள் வெளியேறும். பின்னாலேயே தண்ணீரும் கிளம்பிவிடும். படலம் மெலிந்து கண்ணாடியாகும். அந்த வாசல்களில் ஒரு வகையை மருந்தால் அடைத்தால் கண் தெளியாது என்பது அந்தம்மாவின் மூன்று வருட நம்பிக்கை. மருந்து சொட்டிய முட்டைக்குப் பெருக்கல் குறி, வெறும் நீர் சொட்டியதற்கு வட்டம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அடைக்கோழி ஸ்டூலில் சாய்ந்து இன்குபேட்டரின் முனகலைக் கேட்பார். ஒரு மதியம் பார்த்தால், பெருக்கல் குறி போட்ட முட்டைக்குள் நின்றுகொண்டிருந்தார். கனவு என்று சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார். உள்ளே எங்கும் வெண்பனி. கோடிக் கதவுகள், எல்லாம் சாத்தியிருந்தன. மூட்டை முடிச்சோடு உப்பு காத்திருந்தது. அதன் முந்தானையைப் பிடித்தபடி தண்ணீர். "எப்பத் திறப்பாங்க?" என்று இவரையே கேட்டது உப்பு.

அதற்கு மேல் அவருக்கு மனசு கேட்கவில்லை. பெருக்கல் குறி முட்டைகளை எல்லாம், கதவு சீக்கிரம் திறக்கட்டும் என்று, சூடு சற்றுக் கூடுதலான நடுத்தட்டுக்கு மாற்றிவிட்டார்.

பதினாறாம் நாள் டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார். "அண்ணே, பெருக்கல், வட்டம், ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி தெளிஞ்சிருக்கு. நான் நெனச்சது தப்பு. நாளைக்கு அப்படியே எழுதிடப் போறேன்."

சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தம்மாவின் மூன்று வருடம் போகும். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"சொல்லிடுங்க. வேலை போனா இங்க வந்து அடை உக்காருங்க, நான் பாத்துக்கறேன்."

காலையில் போய் நின்றார். "மேடம், எழுதாதீங்க. பெருக்கல் முட்டைங்கள நான்தான் சூட்டுல வெச்சேன். வட்டத்தைவிட வேகமா வளந்து, மருந்தையும் மீறித் தெளிஞ்சிருக்கும்."

"எதுக்கு வெச்சீங்க?"

"பாவமா இருந்துச்சு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நாளைக்குப் புது முட்டை வருது," என்றார். "இந்தத் தடவை தினமும் தட்டு மாத்தி மாத்தி வைங்க. பாவம் பாத்தா எல்லாருக்கும் ஒரே அளவா பாருங்க."

மறுபடி பதினாறு நாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே அவரை நுண்ணோக்கிக்கு அழைத்தார். வட்டத்தின் கண், கழுவித் துடைத்த ஜன்னல். பெருக்கலின் கண்ணில் அதே வெண்பனி.

அடைக்கோழி குனிந்தவர் நிமிரவில்லை.

"அண்ணே, இன்னும் என்ன தேடுறீங்க?"

"உப்பு அங்கயேதான் நிக்குதான்னு பாக்கறேன், மேடம்."