சப்பரத்தின் உச்சி

1971 அக்டோபர் 27, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மலைமேல் மேகம் படிந்திருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில்தான் அப்பா எங்கள் தோட்டத்து வாழைக்கு முட்டுக்கொடுத்திருந்த முதல் சவுக்குக் கம்பைப் பிடுங்கினார்.

அன்று சாயங்காலம் முத்தாலம்மன் திருவிழா. தெருவுக்கொரு சப்பரம் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மூங்கிலும் கம்பும் சேர்த்து நிலை நிலையாக எழுப்பி, வண்ணக் காகிதம் ஒட்டி, மைதானத்துக்குத் தூக்கிப் போவார்கள். விழா முடிந்ததும் ஊர் எல்லையில் பிரித்துப் போட்டுவிட வேண்டும். எங்கள் தெருச் சப்பரம் அப்பாவின் கைவேலை. மேலத்தெருக்காரர்கள் முப்பத்தெட்டு அடி கட்டியிருப்பதாகத் தகவல் வந்தது. எங்களுடையது முப்பத்தைந்துதான். இன்னும் ஒரு நிலை ஏற்றக் கம்பு இல்லை.

அம்மா வரப்பில் வந்து நின்றாள். "ஏங்க, வாழைக்கு வச்ச கம்பையா பிடுங்குறீக? வெட்ட இன்னும் பத்து நாளுதான் இருக்கு."

"ஒரே ஒரு நாளைக்குத்தான். விடிஞ்சதும் திரும்ப ஊண்டிருவேன்."

"காத்துக்கிட்ட சொல்லிட்டீகளா?"

வாழை விற்கும் பணத்தில் கிணற்றுக்கு மோட்டார் வாங்குவதாக இருந்தது. எட்டு வயதான எனக்கும் அது தெரியும். ஆனாலும் நான் கம்புகளை எண்ணி எண்ணி வண்டியில் ஏற்றினேன். நூற்றிருபது.

மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் எங்கள் சப்பரம் நாற்பது அடி உயரத்தில் நின்றது. தெருவில் மின்கம்பி குறுக்கிட்டதால் உச்சியை மட்டும் கட்டாமல் கொண்டுவந்திருந்தோம். ஜரிகைக் காகிதம் சுற்றிய அந்தக் கூம்பைக் கட்ட எடை குறைந்த ஆள் வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார். இன்றைக்கு என் பேரனை நாற்காலியில் ஏற விட்டாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. அன்று நான் குரங்குபோல ஏறினேன்.

அங்கிருந்து பார்த்தால் வாய்க்கால், வயல், தென்னை, எங்கள் தோட்டம் எல்லாம் என் காலுக்குக் கீழே! கீழே உறுமியும் மேளமும் முழங்கின. சந்தோஷத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. சணலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடும்போது, சுருளிமலைப் பக்கமிருந்து காற்று இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். முதலில் தென்னைகள் வளைந்தன. பிறகு எங்கள் வாழை.

"அப்பா! நம்ம வாழை சாயுது!"

"உச்சியக் கட்டிட்டியாலே?"

"கட்டிட்டேன்!"

"அப்ப இறங்கு, பார்த்து!"

நான் இறங்கியதும் தாய்மாமா ஓடி வந்தார். "மச்சான், தோட்டத்துக்கு வாங்க! கயிறு கட்டி நாலு மரத்தையாவது காப்பாத்துவோம். மோட்டாரு போகுது, மச்சான்!"

சப்பரத்தை நாற்புறமும் கயிறு போட்டு இழுத்துப் பிடித்திருந்தார்கள். காற்று வரும் பக்கத்துக் கயிறு அப்பாவின் கையில். "இதை யாரு பிடிக்கிறது மாப்ள?" என்றார். அவர் நகரவில்லை. நானும் ஓடிப்போய் அந்தக் கயிற்றில் தொங்கினேன். மேலத்தெருச் சப்பரம் மடங்கி விழுந்தது. எங்களுடையது ஆடியது, முனகியது, நின்றது! ஊரே விசிலடித்தது.

மறுநாள் காலை அதை எல்லையில் பிரித்துப் போட்டார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பா அழவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனார். கம்பு பிடுங்கிய நூற்றிருபது மரங்களும் தாரோடு படுத்திருந்தன. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரமண்ணில் குச்சியால் ஏதோ கீறினார். அடுத்த வருடத்துச் சப்பரம். அம்மா பின்னால் வந்து நின்றாள். முந்தின இரவு முழுவதும் அவரோடு பேசாமல் இருந்தவள். இன்றைக்கு அப்பா தொலைந்தார் என்று நினைத்தேன். அவள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உச்சி குட்டையா இருக்கு. இன்னும் ரெண்டு முழம் ஏத்துங்க."

அவள் ஏன் திட்டவில்லை, அப்பா ஏன் சிரித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம் கணக்குதான். ஆறு ரூபாய்க்குப் பேசிய தாரை வியாபாரி ஒரு ரூபாய்க்கு எடுத்தார், நட்டம் அறுநூறு. காகிதம், பசை, சணல் எழுபத்து நான்கு. ஆக, அடுத்த வருடத்து இரண்டு முழத்தைச் சேர்க்காமல், அறுநூற்று எழுபத்து நான்கு ரூபாய்.