ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன்

இரண்டு வருடம் முன்பு, ஒரு சித்திரை மாதப் பகலில், கோவை கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறையில் நடந்தது இது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று மெஷின், நான்கு ஆள், வாய் ஓயாத ஒரு முதலாளி, அவ்வளவுதான். இழவு வீட்டில்கூட என் பக்கத்தில் உட்கார உறவுக்காரர்கள் பயப்படுவார்கள், சிரித்துத் தொலைத்துவிடுவோமோ என்று.

நான்கு வருடமாக என்னிடம் வேலை பார்த்த வடக்கத்திக்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், டீ குடித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

மற்ற மூவரையும் அங்கேயே நிறுத்திவிட்டு, ஏதோ பெரிய ஏற்பாடு செய்யப்போகிறவன் மாதிரி வெளியே வந்தேன். உண்மையைச் சொன்னால், தப்பித்து ஓடினேன். பட்டறை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, ஆஸ்பத்திரியில் வாங்கி என் சட்டைப் பையில் போட்டிருந்த அவருடைய போன் அடித்தது. திரையில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர். அவருடைய அப்பா. தினமும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார்.

எனக்குத் தெரிந்த இந்தி மொத்தம் மூன்று. சீக்கிரம், டீ, லீவு கிடையாது. இதை வைத்துக்கொண்டு சாவுச் செய்தி எப்படிச் சொல்வது? கை தானாகப் போனை எடுத்தது. வாய் தானாகச் சொன்னது.

"ராங் நம்பர்."

வைத்துவிட்டேன். போன் மறுபடி அடித்தது. நெருப்பைப் பிடித்தவன் போல அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் முஸ்லிம். பாய் என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருடப் பழக்கம்.

"பாய், எங்க ஆளு செத்துப்போயிட்டாருங்க. அவங்கப்பா போன் பண்றாரு. நீங்கதான் இந்தியில சொல்லோணும்."

"இதுலயுமாங்ணா வெளையாட்டு?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "எனக்கு எங்கீங்ணா இந்தி வரும்?"

"உங்கூட்ல பேசறதுதானுங்களே!"

"எங்கூட்ல தமிழுங்ணா. இத்தன வருசமா எங்கம்மா உங்களத் திட்டறதெல்லாம் எந்த பாசைன்னு நெனச்சீங்க?" குரல் தணிந்தது. "அதுவுமில்லாம, அவரு ஒடிசா பக்கம், ஒடியாக்காரருங்க. அவங்கப்பாவுக்கு இந்தி வராதுன்னு எங்கிட்டயே சொல்லியிருக்காரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. சம்பளம் கொடுத்த எனக்குத் தெரியாதது, ஆணி விற்பவருக்குத் தெரிந்திருந்தது.

பாய் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய், பின் தெருவில் இரும்பு வார்க்கும் பவுண்டரியிலிருந்து ஓர் ஒடியாக்காரரைக் கூட்டி வந்தார். வேலை உடுப்போடு வந்தவர், கைமண்ணைத் துடைத்துவிட்டு, போன் மறுபடி அடித்ததும் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். அந்தப் பக்கம் அழுகை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பெரியவர் வேகவேகமாக ஏதோ சொன்னார்.

ஒடியாக்காரர் எங்களிடம் திரும்பினார். "அண்ணா, அப்பா நம்ப மாட்டேங்குது. முன்னே போன் எடுத்த ஆளு ராங் நம்பர் சொல்லிச்சாம். அதனால செத்தது வேற யாரோ, என் பையன் இல்லேன்னு சொல்லுது."

"ராங் நம்பர்னு ஆருங்ணா சொன்னது?" என்றார் பாய்.

வகுப்பில் மாட்டிக்கொண்டவன் போலக் கையைத் தூக்கினேன். அவர் திட்டவில்லை. போனை வாங்கி என் கையில் வைத்தார்.

"ஐயா, நான்தானுங்க சொன்னது. பயந்து சொல்லிப்போட்டேன். நம்பரு சரிதானுங்க," என்றேன் தமிழில். ஒடியாக்காரர் அதை அவர்கள் மொழியில் சொன்னார். அதற்குப் பிறகு கேட்ட சத்தத்துக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது யார் வேலைக்குச் சேர்ந்தாலும் வீட்டில் யார் யார், என்ன பாசை என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன். ஆனாலும் அந்தத் தகப்பனுக்குக் கால் மணி நேரம் பொய்யாக ஒரு மகனைக் கொடுத்து, என் வாயாலேயே திரும்பப் பிடுங்கியதை எப்படிச் சொன்னாலும் அது வேடிக்கைக் கதையாக மாற மறுக்கிறது.