பனிக்குப் பின்னால் இருந்த மலை

பதுளையிலிருந்து மடுல்சீமை போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவர். தலையில் மப்ளர், மடியில் கம்ப்யூட்டருக்கு வாங்கிய புது கிராஃபிக்ஸ் கார்டுப் பெட்டி. ஒவ்வொரு குழியும் வருவதற்கு முன்பே பெட்டியை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். பாதை அவருக்கு அத்துப்படி.

"என்ன கேமுங்க விளையாடுவீங்க?" என்று கேட்டேன்.

"பழைய கார் ரேஸ்தான். நம்ம மெஷின் தாங்காதுன்னு தூரத்தையெல்லாம் பனியப் போட்டு மறைச்சிருது. இத்தனை வருஷமா அந்தப் பனிக்குள்ளதான் ஓட்டுறேன். அங்க ஒரு மலை இருக்காம். இந்தக் கார்டப் போட்டு இன்னைக்குப் பாத்துருவேங்க."

தோட்டத்து லய வீடுகளுக்குப் பிரியும் வளைவில் அவர் இறங்கியபோது, வெளியே பனி விலகி மலை முழுதாகத் தெரிந்தது. பஸ்ஸே எட்டிப் பார்த்தது. அவர் மட்டும் நிமிராமல், பெட்டியைத் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு ஓடினார்.

எனக்கு இன்றும் பார்க்க ஆசை, அவர் ஓடிப்போய்ப் பார்த்த மலையைத்தான்.