கழுவிக் கொடுத்த மாத்திரை

போன வாரம் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் சேரன்மகாதேவிக்குப் போனேன். அங்கே என் தங்கை தெய்வானை மூன்று வாரமாக முறைக்காய்ச்சலில் கிடந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர், நடுக்கம், அப்புறம் அனல். ‘கொயினா மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை’ என்று அவள் புருஷன் கடுதாசி போட்டிருந்தார்.

கொயினாவுக்கு நிற்காத முறைக்காய்ச்சலா?

போய்ப் பார்த்தால் தெய்வானை பாதி ஆளாகியிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, நான் பிழைக்க மாட்டேன், என்ன?”

“என்னட்டி, கோட்டிக்காரி மாதிரி பேசுத?”

“கசப்பு மருந்து குடிச்சா வாந்தி வருதுன்னுதான் டாக்டர் இந்த மாத்திரையக் கொடுத்தாரு. மேல சீனி பூசியிருக்கு, இனிக்கும்னாரு. எனக்குக் கசக்குதே... உள்ள போனதும் வெளிய வந்திருது. இனிப்பே தெரியாத அளவுக்கு நாக்கு செத்துப்போச்சு. இனி உசுருதான பாக்கி?”

முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன்.

கிணற்றடியில் மாப்பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தாலுகா கச்சேரி குமாஸ்தா, காலேஜில் எஃப்.ஏ. வரை படித்தவர். கிண்ணத்து வெந்நீரில் மாத்திரைகளைப் போட்டு உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். முகம் சுளித்தது... திருப்தி! கிண்ணத்துத் தண்ணீரை முருங்கைமரத்து மூட்டில் ஊற்றினார்.

“என்ன மாப்பிள்ளை செய்யுதீரு?”

“சீனியக் கழுவுதேன் அத்தான். காய்ச்சக்காரிக்கு இனிப்பு ஆகாதுல்லா? டாக்டர் வெளியூர்க்காரரு, அவருக்கு என்ன தெரியும்?”

“அவளுக்குக் கொடுக்கன்னு அடுப்புல சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கசாயம் கொதிக்குதே? அது இனிப்பு இல்லையா?”

“அது கருப்பட்டில்லா அத்தான்!” என்றார், பச்சைப்பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி.

வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டேன். பெண்டாட்டி மேல் பாசமில்லாத மனுஷனா? மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். ஆனால் அந்தப் பாசத்தோடு உட்கார்ந்து, தினமும் மருந்தைக் கரைத்து மரத்துக்கு ஊற்றிவிட்டு, மிச்சக் கசப்பை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். முருங்கைக்கு இந்த ஜென்மத்தில் முறைக்காய்ச்சல் வராது!

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் என்ன வாழ்கிறதாம்?

இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி. இனிப்பு தின்றால் சிரங்கு. அதையே கருப்பட்டியில் கிண்டிவிட்டால் ஒரு தோஷமும் இல்லை! என் தெருவில் ஒரு நீரிழிவுக்காரர் இருக்கிறார். “சீனியைத் தொட்டு ஒரு வருஷமாச்சு” என்று பெருமையடித்துக்கொண்டே என் கண்ணெதிரில் ஒரு செம்பு பதநீரைக் காலி செய்தார். கேட்டால் குளிர்ச்சியாம். கசந்தால் மருந்து, இனித்தால் விஷம், நம்ம பனைமரத்தில் இறங்கினது மட்டும் அமிர்தம்... இதையெல்லாம் எந்த டாக்டர் சொன்னார்? யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நானே டிஸ்பென்சரிக்குப் போய்ப் புது மாத்திரை வாங்கி வந்தேன். என் கையாலேயே கொடுத்தேன். வாயில் போட்டவள் நாக்கால் அதைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேவிக் கேவி அழுதாள்.

“இனிக்குது அண்ணாச்சி!”

வாந்தி வரவில்லை. ஐந்து நாள் அங்கேயே தங்கினேன். முதல் முறைக்கு லேசாகக் குளிரடித்தது, அடுத்த முறைக்கு அதுவும் இல்லை. புதன்கிழமை எழுந்து உட்கார்ந்து, தானே தலை பின்னிக்கொண்டாள். நிம்மதியாக ஊருக்குக் கிளம்பினேன்.

வாசலில் மாப்பிள்ளையோடு தாலுகா கச்சேரியில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் வந்து நின்றார். அவர் மகளுக்கும் அதே காய்ச்சல், அதே மாத்திரை. உள்ளே தெய்வானை தெம்பாக உட்கார்ந்திருப்பதை எட்டிப் பார்த்தார். அப்புறம் மாப்பிள்ளையின் காதோரம் குனிந்து பைய ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை தண்ணி கழுவுனீரு வே?”

பையைக் கீழே வைத்துவிட்டேன். ரயில் போனால் போகட்டும்.