முதல் டப்பா எங்கள் காலுக்கு

மூன்றாம் மாடிக்காரி மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு வானகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். நமக்கெதற்கு அந்தக் கதை, நீ உட்காரம்மா. இலுப்பெண்ணெய் ஏன் காய்ச்சுகிறேன் என்று கேட்டாயே, அதற்குக் காரணமானவளை நீ பார்த்ததில்லை. நீ குடிவருமுன்பே போய்விட்டாள்.

உன் வீட்டில்தான் இருந்தாள். ஃபிளாட்டுகளில் தரை துடைக்கிற வேலை. பினாயில் தண்ணீரில் நின்று நின்று குதிகால் பாளம் பாளமாய் வெடித்திருக்கும். என் அம்மா செய்கிற மாதிரி இலுப்பெண்ணெயில் தேன்மெழுகு உருக்கித் தடவிவிட்டேன். ஒரே மாதத்தில் கால் பிள்ளைக் கால் ஆகிவிட்டது. அதைப் பார்த்து ஃபிளாட் அம்மாக்கள் கேட்க, அவள்தான் எங்களோடு இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்தாள். அண்ணனூர் ரயிலடி இலுப்பை மரத்துக் கொட்டையைப் பொறுக்கி, உடைத்து, காயவைத்து, செக்கில் ஆட்டி வருவோம். நான் காய்ச்சுவேன், அவள் விற்பாள். எழுத்து தெரியாத நான் டப்பாவில் சீட்டை ஒட்டினால், "யக்கா, இதுவும் தலகீயா நிக்குது" என்று சிரித்துக்கொண்டே பிய்த்து ஒட்டுவாள்.

கால் எப்படி இருக்கிறது என்றால், "தடவிகினுதான் கீறேன்க்கா" என்பாள். எப்போதும் சாக்ஸ். சித்திரை வெயிலில் என்ன சாக்ஸ்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒரு விடியற்காலையில் மார்வலி, அவ்வளவுதான். குளிப்பாட்டும்போது நான்தான் சாக்ஸைக் கழற்றினேன். அதே வெடிப்பு, முன்னைவிட ஆழம். விற்கிற பொருள் என்று ஒரு விரல் மருந்துகூட அவள் எடுத்துக்கொண்டதில்லை என்று மகள் அழுதாள். புது டப்பா ஒன்றைத் திறந்து முழுதும் தடவினேன்.

"போற காலுக்கு இன்னாத்துக்கு?" என்றாள் கூட நின்றவள்.

"நடந்த காலுடி," என்றேன்.

அதற்குப் பிறகு அடுப்பு மூட்டக் கை வரவில்லை. மற்றவர்களும் போதும் என்றார்கள். காரியம் முடிந்து அவள் மகள் ஒரு கோணிக் கொட்டையோடு வந்தாள். "எங்கம்மா பொறுக்குனது. புழு வெச்சுடும் பெரிம்மா," என்றாள். அன்றைக்கு மூட்டிய அடுப்புதான்.

இப்போது ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் முதல் டப்பா எங்கள் காலுக்கு. ஐந்து பேரும் வரிசையாய்க் காலை நீட்டி உட்கார்ந்து, ஒருத்தி குதிகாலை ஒருத்தி கிண்டல் செய்து தடவுவோம். அவள் இடத்தில் மகள் உட்காருகிறாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

எங்கே, உன் காலைக் காட்டு. அடிப்பாவி, நீயும் சாக்ஸா? கழற்று. இரு, தூறல் விழுகிறது, மாடியில் கொட்டை காய்கிறது. அந்த முறத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வா.